சத்தம் நின்ற இடம்

என் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "லேபில் இருக்கிறாள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். "அப்போ எனக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு பார்த்துச் சொல்வாங்களா?" என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். நான் காரோட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பிரேக்கை மிதிக்கச் சொன்னால் ஆக்சிலேட்டரை மிதிக்கிற ஜனங்களோடு நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிற எனக்கு, ஒளியைப் பற்றி விளக்கம் சொல்லத் தெம்பு ஏது? ஆனால் அன்றைக்கு அந்த இருட்டறையில் நடந்ததை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாவம், பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பதால் அவர்களால் எழுந்து ஓடவும் முடியாது.

அவளுடைய வேலை திருகாணி திருப்புவது. சொல்லக் கேட்டால் சாதாரணம். லேபில் இரட்டைக் கட்டில் அளவுக்கு ஓர் இரும்பு மேசை இருக்கிறது. வெளியே வராந்தாவில் யாராவது நடந்தால்கூட அதிரக் கூடாது என்று அதைக் காற்றின் மேல் மிதக்க விட்டிருக்கிறார்கள். அதன்மேல் நாணயம் அளவில் கண்ணாடிகள், லென்சுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு திருகாணி. அதை மயிரிழை திருப்பினால் ஒளி அந்தக் கோடியில் விரல்கடை தள்ளிப் போய் விழும். ஒளியை அது போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. அங்கே எல்லோருக்கும் அவள் திருகாணி அக்கா. லேபை நடத்துகிற பேராசிரியரே அப்படித்தான் கூப்பிடுவார், அவருக்கு இவளைவிட வயது அதிகம் என்றாலும்.

அதற்கு முன்னால் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தாள். லேபில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். பேராசிரியர் இவள் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, அறையின் மறுகோடியில் குண்டூசி முனை அளவு இருந்த துளையைக் காட்டி, ஒளியை அதற்குள் விடு பார்க்கலாம் என்றாராம். இவள் முதலில் வளையல்களைக் கழற்றி வைத்தாள். அப்புறம், "நீங்க எல்லாரும் கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா? மூச்சு விடுற சத்தம் கேக்குது" என்றாள். வேலை கேட்டு வந்தவள், வேலை கொடுக்கிறவரை அறையைவிட்டு வெளியே அனுப்பிய கதையை அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டில் இவளோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சுவரில் படம் ஒரு இம்மி சாய்ந்திருந்தாலும் சோறு இறங்காது. ஒருதரம் இவளுக்குக் காரோட்டச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். நன்றாகத்தான் ஓட்டினாள். நிறுத்தும்போதுதான் வினை. இரண்டு வெள்ளைக் கோட்டுக்கும் சரியாக நடுவில் வண்டி நிற்கவில்லையாம். முன்னால் எடுத்தாள், பின்னால் எடுத்தாள், மறுபடி முன்னால் எடுத்தாள். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து, என்னமோ ஏதோ என்று இறங்கிவந்து எட்டிப் பார்த்தார்கள். நான் கதவைத் திறந்துகொண்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் ரொம்ப நேரம் கழித்து வந்து, "இப்பப் போய்ப் பாருங்க, நடுவுல நிக்குது" என்றாள்.

அப்படிப்பட்டவள் கையில் ஒருநாள் காலை தேநீர்க் கோப்பை கடகடவென்று ஆடியது.

நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். கோப்பையைச் சட்டென்று மேசைமேல் வைத்தாள். மறுநாளிலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தாள். "என்னாச்சு உனக்கு?" என்றால், "ஒண்ணும் இல்லை, சூடு" என்றாள். எத்தனை வருஷமாக அடுத்தவர் கையையும் காலையும் பார்த்துச் சம்பாதிக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னிடம் வண்டி பழகினவர்களைக் கேட்டால் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து லேபில் ஒரு பெரிய வேலை ஓடிக்கொண்டிருந்தது. வேலை ஓர் ஆராய்ச்சிப் பெண்ணுடையது. அந்த அறையின் குளிர் தாங்காமல் எந்நேரமும் ஸ்வெட்டரிலேயே இருப்பாள் என்பதால் எங்கள் வீட்டில் அவள் பெயர் ஸ்வெட்டர். அவள் செய்த சோதனையை என் மனைவி எனக்கு விளங்கவைத்த விதத்திலேயே சொல்கிறேன். ஊதா நிற லேசர் ஒளி சட்டைப் பொத்தான் அளவு படிகம் ஒன்றுக்குள் போகிறது. ஒளி என்பது துகள் துகளாக வருகிறது. பெரும்பாலானவை படிகத்தைத் தாண்டி அதுபாட்டுக்குப் போய்விடும். எப்போதாவது ஒன்று உள்ளே இரண்டாகப் பிரியும். இரண்டும் ஒரே கணத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ஒன்றை விட்டு மற்றதைப் பற்றித் தனியாகப் பேசவே முடியாதபடி பிணைந்தவை. கண்ணுக்கும் தெரியாதவை.

இந்த இரண்டையும் ஆளுக்கொரு வழியாக அனுப்பி, ஒரு பாதிக் கண்ணாடியில் சந்திக்க வைக்கிறார்கள். பாதிக் கண்ணாடி என்றால், வருகிற ஒளியில் பாதி ஊடுருவிப் போகும், பாதி பட்டுத் திரும்பும். ஒற்றைத் துகள் வந்தால் அது போகுமா, திரும்புமா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு வாசல். இரண்டிலும், துகள் வந்தால் கண்டுபிடிக்கிற ஒவ்வொரு டிடெக்டர் காவல் இருக்கிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு வாசலில் வெளியே வந்தால், இரண்டு டிடெக்டரும் ஒரே நேரத்தில் குரல் கொடுக்கும். அப்போது ஒரு டப்பா 'டிக்' என்னும். அந்த டிக் என் மனைவியின் காதில் மாட்டிய ஹெட்போனில் கேட்கும். இருட்டில் திருகாணியில் கைவைத்திருக்கிறவளுக்கு அதுதான் கண். டிக் டிக் என்று மழையாகப் பொழிந்தால் கண்ணாடிகள் எல்லாம் ஒழுங்கில் இருக்கின்றன. குறைந்தால் ஏதோ விலகிவிட்டது.

ஸ்வெட்டர் கறுப்புத் திரைக்கு வெளியே கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்திருப்பாள். இவள் உள்ளே அளவுக்கோடு போட்ட ஒரு திருகை ஒவ்வொரு கோடாக நகர்த்தி, ஒரு பிள்ளை வருகிற வழியை மட்டும் மயிரிழை மயிரிழையாக நீட்டுவாள். ஒவ்வொரு இடத்திலும் டிக் சீராக நின்றதும், "எடுத்துக்கோம்மா" என்று குரல் கொடுப்பாள். அப்புறம்தான் ஸ்வெட்டர் எண்ணிக்கையைப் பதிவாள். இரண்டு வழியும் சரிசமமாக வருகிற இடத்தில் எண்ணிக்கை கொஞ்சம் குறையும், வரைபடத்தில் ஒரு பள்ளம் தெரியும், அதைத்தான் தேடுகிறோம் என்று ஸ்வெட்டர் சொல்லியிருந்தாள். மாதக்கணக்கில் தேடினார்கள். பள்ளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோடு தட்டையாகவே வந்தது. ஸ்வெட்டர் இளைத்துப்போனாள். பேராசிரியர் என்னாச்சு என்று கேட்காமல் இருந்ததே அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்ததாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி, குழாயை மூடாமலே சொன்னாள். "என்னால அந்தப் பொண்ணு வாழ்க்கையே வீணாப் போகுதுங்க."

எனக்குப் புரியவில்லை.

"என் கை போயிடுச்சு. தினமும் திருகை நகர்த்திட்டே போவேன். ஒரு இடத்துல வந்ததும் டிக் அப்படியே தேய்ஞ்சு நின்னுபோகுது. கை நடுங்கிக் கண்ணாடியை இடிச்சுடறேன். பின்னால எடுத்தா மறுபடி வருது. குறைய ஆரம்பிச்சதுமே விட்டுட்டு, அந்த இடத்தைத் தாண்டிப் போய்ச் சரியானதும்தான் 'எடுத்துக்கோ'ன்னு சொல்றேன். கெட்டுப்போன ஒளியை எப்படிங்க ஒருத்தர் கையில கொடுக்கறது?"

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"அங்க சரியா நிக்கலைன்னு சொல்வேன். சரிக்கா, அடுத்ததுக்குப் போங்கன்னுவா. என்மேல அவ்வளவு நம்பிக்கை." அவள் குரல் உடைந்தது. "நாளைக்கே போய் என்னை சாமான் அறையில போடுங்கன்னு கேட்டுடப் போறேன். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வரும். வந்தது. "சாமான் அறைக்குப் போறவ போ. ஆனா அதுக்கு முந்தி அந்தப் பொண்ணுகிட்ட நடந்ததைச் சொல்லு. மறைச்சுட்டு ஓடினா அது உனக்கே அடுக்காது" என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். அவளுக்கு அந்தக் கை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத்தானே தெரியும். அந்த வேலை போனால் இவள் என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. குழாய் மட்டும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் வகுப்புகளைத் தள்ளிவைத்துவிட்டு அவளோடு நானும் போனேன். தனியாக விட்டால் வாசலோடு திரும்பிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், தலைக்கு ஒரு பை மாட்டினார்கள், செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஸ்வெட்டர் என்னைப் பார்த்து, "வாங்க மாமா" என்றாள். என் மனைவி அக்கா என்றால் நான் மாமாதானே, கணக்கு சரி. அவள் கண்ணுக்குக் கீழே கருத்துக்கிடந்தது.

என் மனைவி உட்காரக்கூட இல்லை. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்று ஆரம்பித்து, மென்று விழுங்கி, கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஸ்வெட்டரின் முகம் ஒரு மாதிரி ஆகிப்போனது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நான் ஒரு கை பார்த்துவிடுவது என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் மெதுவாகக் கேட்டது இதுதான். "தினமும் ஒரே இடத்துலயா அக்கா?"

"ஆமாம்மா. எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாலும் அதே கோட்டுலதான் கை இடறுது."

"எனக்குக் காட்டறீங்களா?"

மூன்று பேரும் திரைக்குள் போனோம். விளக்கை அணைத்தார்கள். அப்படியொரு இருட்டை நான் பார்த்ததில்லை. மேசை விளிம்பில் இடுப்பு பட்டுவிடக் கூடாது என்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். ஸ்வெட்டர் ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள். உடனே டப்பாவிலிருந்தே சத்தம் வர ஆரம்பித்தது. டிக், டிக்டிக், டிக், டிக்டிக்டிக் என்று தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி. ஒவ்வொரு டிக்கும் ஒரு ஜோடிப் பிள்ளைகள் ஆளுக்கொரு வாசலில் வெளியேறிய சத்தம் என்று நினைத்தபோதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணுக்குத் தெரியாததன் காலடி ஓசையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். அது ஒன்றுமே இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து திருகை நகர்த்தினாள். மழை அப்படியே இருந்தது. இன்னும் நகர்த்தினாள். மழை குறைந்தது. சொட்டுச் சொட்டாக ஆனது. அப்புறம் நின்றுபோனது.

"பார்த்தியாம்மா" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து. அந்தக் குரலை நான் இன்னொரு தடவை கேட்கக் கூடாது. "இதுதான். என் கை."

"அக்கா, கையை எடுங்க."

"எடுத்துட்டேன்மா."

"ரெண்டு கையையும்."

"மடியில வச்சிருக்கேன்."

சத்தம் வரவில்லை. எப்போதோ ஒரு டிக், மறந்துபோய் வந்தது போல. மறுபடி அமைதி. ஸ்வெட்டர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தும் ஓசை கேட்டது. அடுத்த கணம் டப்பாவிலிருந்து சடசடவென்று சத்தம் கொட்டியது. முன்னால் கேட்டதைவிடப் பல மடங்கு. "இது இடது டிடெக்டர் மட்டும்" என்றாள். மறுபடி அழுத்தினாள். அதே சடசடப்பு. "இது வலது மட்டும்." மூன்றாவது தடவை அழுத்தினாள். "இது ரெண்டும் சேர்ந்து." அமைதி.

"கண்ணாடி இடிஞ்சிருந்தா அந்த ரெண்டும்ல குறைஞ்சிருக்கணும்? ஒண்ணுகூடக் குறையல அக்கா" என்றாள். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்பது அழுகைச் சத்தம் கீழேயிருந்து வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஏம்மா, யாராவது விளக்கமாச் சொல்லித் தொலைங்களேன்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள். "மாமா, ஒரு சந்திப்பு. ரெண்டு ரோட்டுலேர்ந்து ஒவ்வொரு வண்டி வருது. வெளிய போக ரெண்டு ரோடு. ரெண்டு வண்டியும் ஆளுக்கொரு ரோட்டுல பிரிஞ்சு போகணும்னா எத்தனை வழி?"

இது என் தொழில். "ரெண்டும் நேராப் போகணும். இல்லைன்னா ரெண்டும் திரும்பணும்."

"அவ்வளவுதான். இப்ப அந்த ரெண்டு வண்டிக்கும் துளி வித்தியாசம் கிடையாது. ரெண்டும் ஒரே கணத்துல சந்திப்புக்கு வருது. நேராப் போச்சா, திரும்பிச்சான்னு நம்மளால மட்டும் இல்ல, யாராலயும் எதாலயும் கண்டுபிடிக்க முடியாது. அப்ப அந்த ரெண்டு வழியும் ஒண்ணையொண்ணு அழிச்சுடும். பிரிஞ்சு போறதே நடக்காது. எந்த ரோடுன்னு தெரியாது, ஆனா எப்பவும் சேர்ந்தேதான் போகும்."

"ரெண்டும் மோதிக்குதா?"

"மோதவே இல்லை மாமா. ஒண்ணு மேல ஒண்ணு படவே இல்லை. அழிஞ்சது துகள் இல்லை. நடந்திருக்கக்கூடிய ரெண்டு விஷயம்தான் அழிஞ்சது."

சிக்னல் இல்லை, போலீஸ் இல்லை, இடமா வலமா என்று கத்துவதற்கு என்னை மாதிரி ஓர் ஆள் பக்கத்தில் இல்லை. நடக்காத ஒன்றும் நடக்காத இன்னொன்றும் ஒன்றையொன்று துடைத்துப்போட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாசலில் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இந்த மேசையில் மட்டும் அல்ல. உலகம் தொடங்கின நாளிலிருந்து, யாரும் பார்க்காத இடத்திலெல்லாம், இப்படித்தான். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது, எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

"நான் பாதி குறைஞ்சாலே போதும்னு தேடிட்டிருந்தேன் அக்கா" என்றாள் ஸ்வெட்டர். "முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் வரும். இப்படி நின்னே போகும்னு நான் நினைக்கவே இல்லை. அதான் உங்ககிட்ட சொல்லவும் இல்லை. ஒரு கண்ணாடி துளி சாய்ஞ்சிருந்தாலும் ரெண்டு துகளுக்கும் வித்தியாசம் வந்திருக்கும், டிக் கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கும். உங்க கை கெட்டுப்போயிருந்தா இந்த அமைதி வந்திருக்காது."

இருட்டில் என் மனைவியின் முகம் தெரியவில்லை. நான் தடவிக்கொண்டே போய் அவள் தோளில் கைவைத்தேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் அப்புறம் கூட்டிப்போனேன். நடுக்கம் நிஜம்தான் என்றார். கோப்பையைத் தூக்கிப் பிடிக்கும்போது தெரிகிற வகை, மணிக்கட்டை மேசையில் ஊன்றினால் அடங்கிவிடும், இப்போதைக்குப் பயமில்லை, பார்த்துக்கொள்வோம் என்றார். இவள் திருகில் கைவைப்பதற்கு முன் மணிக்கட்டை ஊன்றாமல் இருந்த நாளே இல்லை. வீட்டில் இன்றைக்கும் தேநீர் சிந்துகிறது. துடைத்துக்கொள்கிறோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அன்றைக்கு ஸ்வெட்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைக்கு வெளியே ஓடினாள். கம்ப்யூட்டர்முன் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. என்னையும் வெளியே போகச் சொல்வாள் என்று பார்த்தேன். "இருங்க. ஆனா மூச்சை அடக்கிக்குங்க" என்றாள் என் மனைவி. திருகைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், மழை கொட்டுகிற இடத்திலிருந்து மறுபடி ஒவ்வொரு கோடாக வந்தாள். ஒவ்வொரு கோட்டிலும் "எடுத்துக்கோம்மா" என்றாள். மழை குறைந்தது. "எடுத்துக்கோம்மா." சொட்டுச் சொட்டானது. "எடுத்துக்கோம்மா."

அப்புறம் அந்த இடம் வந்தது. சத்தம் நின்றது. இத்தனை நாளும் அவள் பதறிப் பின்வாங்கிய இடம். திரைக்கு அந்தப் பக்கம் ஸ்வெட்டர் காத்திருந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். என் மனைவி கையைத் திருகிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கும் சத்தமே இல்லை.

"எடுத்துக்கோம்மா" என்றாள்.